ஒத்துக்காத மருந்தைப் பன்னிரண்டு படியில் ஏற்றிய கதை

ஒரு நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்காதோ அதை அவர் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது என்பது நர்ஸ் வேலையின் முதல் பாடம். எங்கள் நெஞ்சு நோய் வார்டில் சில நாள் அதே மருந்தைத்தான், மணி பார்த்து, நாங்களே ஏற்றுவோம்.

நான் பதினேழு வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். வீடு சாரம் பகுதியில். வேலை ஊருக்கு மேற்கே ஒரு ஆஸ்பத்திரியில், பேர் வேண்டாம். பெரியவர்கள் சொன்னார்கள் என்று ஒன்றைச் செய்துவிட்டு, செய்தது சரியா தப்பா என்று தெரியாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான். நர்ஸாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

இங்கே சொல்வதெல்லாம் ஒரே பெண்ணைச் சுற்றி நடந்தது. பேர் பவித்ரா. பத்தொன்பது வயசு, பி.காம். இரண்டாம் வருஷம், வில்லியனூர் தாண்டி ஒரு கிராமம். அவளுக்குப் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். சளி பசை மாதிரி கெட்டியாகி நுரையீரலை அடைத்துக்கொள்ளும். கிருமி அதில் குடித்தனம் வைத்துவிடும். சின்ன வயசில் ஆஸ்துமா என்றார்கள், அப்புறம் டி.பி. என்றார்கள். பதினாறு வயசில்தான் சரியான பேர் கிடைத்தது. நம்ம பக்கம் அபூர்வமான நோய். என் சர்வீஸில் அவள்தான் முதல் ஆள்.

போன வருஷம் ஒரு ஆன்டிபயாடிக் போட்ட மூன்றாம் நாள் அவளுக்கு உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டது. இந்த வருஷம் சளிப் பரிசோதனையில் வந்த கிருமி மற்ற எல்லா மருந்துக்கும் டிமிக்கி கொடுத்தது. அந்த ஒரு மருந்துக்குத்தான் அடங்கும் என்று ரிப்போர்ட். இனி என்ன செய்வது? எங்கள் வார்டு டாக்டர் கல்பனா ஒரு தாளை நீட்டினார். முழு டோஸில் பல ஆயிரத்தில் ஒரு பங்கில் ஆரம்பிக்க வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை ஏறக்குறைய இரண்டு மடங்காக்க வேண்டும். பன்னிரண்டு படி ஏறினால் முழு டோஸ். உடம்பு சண்டை போட நினைப்பதற்குள் பழகிவிடுமாம். நான் மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் வேறு வேறு மாதிரி புரிந்தது.

முசேயின் மறுப்பு

எங்கள் மருந்துப் பிரிவில் இருப்பவர் அந்துவான். வயசில் பெரியவர், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்; ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவர் 'முசே', பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி. முதல் நாள் சாயங்காலம் மருந்துச் சீட்டை அனுப்பினேன். கம்ப்யூட்டரில் பவித்ரா பேருக்கு நேரே அலர்ஜி என்று சிவப்பாகத் தெரிய, சீட்டு திரும்பி வந்தது. டாக்டரிடம் கையெழுத்து வாங்கி மறுபடி அனுப்பினேன். மறுபடியும் திரும்பி வந்தது. பின்பக்கம் அழகான கையெழுத்தில், 'தவறுதலாக எழுதியிருக்கிறீர்கள்' என்று எழுதியிருந்தார்.

மூன்றாவது முறை சீட்டு வரவில்லை. அவரே படியேறி வந்துவிட்டார். மூச்சு வாங்க நின்றுகொண்டு டாக்டரின் தாளை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தார். அதிலிருந்த அளவுகளைக் குறித்துக்கொண்டு கீழே போனார். காலையில் ஏழரை மணிக்கு மூன்று பைகளோடு வந்தார். ஒன்று என்று எழுதியதில் நூறில் ஒரு பங்கு மருந்து, இரண்டில் பத்தில் ஒரு பங்கு, மூன்றில் முழு மருந்து. அவரே உட்கார்ந்து கலக்கியிருக்கிறார். மூன்றும் தண்ணீர் மாதிரிதான் இருந்தன. "முதல் பையில நெசமாவே மருந்து இருக்குதா முசே?" என்று கேட்டேன். ஜன்னல் வெளிச்சத்தில் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கணக்குப்படி இருக்குது மா. கண்ணுக்குத்தான் தெரியல."

சிவப்புப் பட்டை

அலர்ஜி இருக்கிறவர்கள் மணிக்கட்டில் நாங்கள் சிவப்புப் பட்டை கட்டுவோம். பவித்ராவுக்குக் கட்டியதும், அதில் மருந்தின் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதியதும் நான்தான். எட்டு மணிக்கு முதல் பையை மாட்டப் போனபோது அவள் அம்மா விஜயா என் கையைப் பிடித்துக்கொண்டார். தட்டாஞ்சாவடி பக்கம் சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறவர். லேபிளைப் படிக்காமல் ஒரு பெட்டியைக்கூட நகர்த்த மாட்டார். பையைப் படித்தார். பட்டையைப் படித்தார். மறுபடி பையைப் படித்தார்.

"ரெண்டுலயும் ஒரே பேருதான் போட்டிருக்குது?" என்றார். ஆமாம் என்றேன். "இது ஆகாதுன்னு எழுதுனது நீங்கதானே?" ஆமாம் என்றேன். "இப்ப ஏத்தப்போறதும் நீங்கதானே?" அதற்கும் ஆமாம்தான். டாக்டர் பக்கம் திரும்பினேன். அவர் நேற்றே இந்த அம்மாவுக்கு அரை மணி நேரம் விளக்கியிருந்தார். ஒப்புதல் கையெழுத்தும் வாங்கியாயிற்று. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். ஊசி தயாராக இருக்கிறது, ஆக்சிஜன் இருக்கிறது, நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்றார். விஜயா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அதெல்லாம் செரி சிஸ்டர். அந்தப் பட்டைய இப்ப கழட்டணுமா, இருக்கட்டுமா? அத மொதல்ல சொல்லுங்க."

மாடு பழக்குவது

அப்பா பேர் ஏழுமலை. கொஞ்சம் சவுக்கு போட்டிருக்கிறார். மீதி நேரம் டவுனில் லோடு ஆட்டோ. மூன்றாவது படி ஓடிக்கொண்டிருந்தபோது வந்தார். கால் மணிக்கு ஒரு தரம் நான் ரத்த அழுத்தம், நாடி, மூச்சு எல்லாம் பார்த்து எழுதுவதைக் கதவோரம் நின்று கவனித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இது மாட்டை வண்டியில பூட்டிப் பழக்குற மாதிரிங்களா? மொதல்ல சும்மா நுகத்தடி, அப்புறம் காலி வண்டி, அப்புறம் பாரம்?"

டாக்டர் அரை மணி நேரம் விளக்கியதைவிட இது எனக்கு நன்றாகப் புரிந்தது. அதேதான் என்று உற்சாகமாகத் தலையாட்டினேன். "அப்ப ஒரு தரம் பழகிட்டா ஆயுசுக்கும் பழகுனதுதான்" என்று அவர் நிம்மதியானார். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். அப்படி இல்லை, எட்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் விடாமல் போட்டுக்கொண்டே இருக்கும் வரைக்கும்தான் இந்தப் பழக்கம். நடுவில் ஒன்றிரண்டு நாள் விட்டுப் போனால் உடம்பு மறந்துவிடும், அடுத்த தடவை முதல் படியிலிருந்துதான் வரவேண்டும் என்றேன். அவர் மகள் பக்கம் திரும்பினார். அவள் எங்களைக் கவனிக்காமல் பாடப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மாடுகூட மறக்காதே சிஸ்டர்."

ஒன்பதாவது படி

எட்டு படி எந்தத் தொந்தரவும் இல்லாமல் போனது. பத்து மணிக்கு மூன்றாவது பையை மாட்டினேன். முழு மருந்து உள்ள பை. ஐந்து நிமிஷம் போயிருக்கும். பவித்ரா கழுத்தைச் சொறிந்தாள். நல்ல கத்திரி வெயில் காலம். வார்டில் எல்லாரும்தான் சொறிந்துகொண்டிருந்தார்கள், நான் உட்பட. வேர்க்குருவா? ஒட்டியிருந்த பிளாஸ்டரா? இல்லை, இதுதான் அதுவா? அப்புறம் இருமினாள். இருமல் அவளுக்குப் புதுசா என்ன? மூச்சில் விசில் சத்தம் கேட்டது. அதுவும் காலையிலிருந்தே கேட்கிறதுதான். நோயும் அலர்ஜியும் ஒரே பாஷை பேசினால் எதை நம்புவது? என் கையில் இருந்த தாளில் இதற்குக் கட்டமே இல்லை.

"தொண்டையில என்னமோ உருண்ட மாதிரி இருக்குது சிஸ்டர்" என்றாள். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அதற்கப்புறம் நான் யோசிக்கவில்லை. பையை மூடினேன். இரண்டு கட்டில் தள்ளி நின்றிருந்த டாக்டர் ஓடிவந்தார். தொடையில் அட்ரினலின் ஊசி போட்டோம், ஆக்சிஜன் வைத்தோம். கழுத்திலிருந்து மார்பு வரைக்கும் சிவந்து தடித்திருந்தது. விஜயா கட்டில் கம்பியைப் பிடித்தபடி ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்றார். அந்தப் பத்து நிமிஷத்தில் என் மனசு ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அதை எழுதத் தெரியவில்லை. பட்டையை எழுதினவளும் நான், பையை மாட்டினவளும் நான்.

தடிப்பு அடங்கியது. குரல் அவள் குரலானது. இதோடு விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு படி இறங்கி ஏழாவதிலிருந்து மறுபடி ஏறிப் பார்க்கலாம், வேண்டாம் என்றால் இப்போதே நிறுத்திவிடலாம், முடிவு உன்னுடையது என்றார். அப்பா, அம்மா, டாக்டர், நான், நாலு பேரும் அவள் வாயையே பார்த்தோம். பவித்ரா ஆக்சிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு சொன்னாள்:

"வேற மருந்து இருந்தா நிறுத்துங்க டாக்டர். இல்லன்னா எதுக்கு என்னைக் கேக்கிறீங்க?"

இரண்டா, மூன்றா?

இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? பதினொன்றரை மணிக்கு ஏழாவது படியை ஆரம்பிக்கச் சொன்னார்கள். ஏழாவது படி இரண்டாவது பையிலிருந்து. ஸ்டாண்டில் இரண்டு பைகளும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. கடைசியாக மாட்டியிருந்தது மூன்றாவது. என் கை தானாக அதற்குப் போனது. குழாயைச் சொருகப் போனேன். தலைக்குள் 'ஏழு, ஏழு' என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தேன், கைதான் கேட்கவில்லை.

காலையிலிருந்து ஒவ்வொரு படியையும் தன் நோட்டின் பின்பக்கத்தில் பவித்ரா குறித்துவைத்திருந்தது எனக்குத் தெரியாது. படுத்தபடியே, சத்தம் போடாமல், பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்காத மாதிரி சொன்னாள்:

"சிஸ்டர், நாம இப்ப ரெண்டுல இருக்கோம்."

சரோஜா அத்தையின் வைத்தியம்

கடைசிப் படி மட்டும் மணிக்கணக்கில் மெதுவாக ஓடி, அன்றைக்குச் சாயங்காலம் ஆறரைக்கு முழு டோஸ் உள்ளே போய்விட்டது. அதற்கப்புறம் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சாதாரணமாக ஏறியது. நாலாம் நாள் பார்க்க வந்தார் ஏழுமலையின் தங்கச்சி சரோஜா, முத்தியால்பேட்டையிலிருந்து. மருமகளுக்கு நடந்த வைத்தியத்தை அண்ணனிடம் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டார். அப்புறம் என்னிடம் வந்து, தனக்கு எறா சாப்பிட்டால் உடம்பெல்லாம் அரிக்கும், எட்டு வருஷமாக வாயில் வைக்கவில்லை என்றார். ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு நான் வேலையைப் பார்க்கப் போனேன். அங்கே உட்காரவைத்து நாலு வார்த்தை எச்சரித்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவசரப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். கட்டிலில் சரோஜா அத்தை, உதடு இரண்டு மடங்காக வீங்கி, கண் பாதி மூடி. எறாத் தொக்கை நகக்கண் அளவில் ஆரம்பித்து, இரண்டு மடங்கு இரண்டு மடங்காக வீட்டிலேயே ஏற்றியிருக்கிறார். ஐந்தாவது படியில் விழுந்துவிட்டார். நல்லவேளை, மகன் பைக்கில் வைத்து உடனே கொண்டுவந்துவிட்டான். ஊசி போட்டதும் வீக்கம் இறங்கியது. இதை டாக்டர் பக்கத்தில் இல்லாமல் யாரும் செய்யக் கூடாது, உயிரே போயிருக்கும் என்று நான் கத்தின கத்தலில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். அத்தை எதற்கும் அசரவில்லை. வீங்கின உதட்டோடு சொன்னார்:

"கால் மணி கால் மணியா கரெக்டாத்தான் பாத்தேன். டிவிலதான் மணி காட்டுறானே!"

பரீட்சை

ஒன்பதாம் நாள் பவித்ரா நடைபாதையில் மூன்று சுற்று நடந்தாள். ஆக்சிஜன் வேண்டியிருக்கவில்லை. காலேஜில் செமஸ்டர் பரீட்சை. காலை டோஸ் முடித்துப் போய் எழுதிவிட்டு மதிய டோஸுக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் அரை மனசோடு விட்டார். போனவள் வரவில்லை. போன் அணைந்திருந்தது. மறுநாளும் ஒரு பேப்பர் என்று ஊருக்கே போய்விட்டாள். லோடோடு திண்டிவனம் போயிருந்த ஏழுமலை, "நல்லாத்தானே இருக்குது, வந்துடும்" என்றார். மூன்றாம் நாள் காலையில் சிரித்துக்கொண்டே வந்து கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். ஆறு டோஸ் தவறிப் போயிருந்தது.

நான் முழு டோஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்பது நாள் பழகிய உடம்பு, இரண்டு நாளில் மறக்குமா? அவ்வளவு ஞாபகமறதியா? தாளில் 'மறக்கும்' என்று இருந்தது; எதிரே உட்கார்ந்திருந்த முகத்தில் 'மறக்காது' என்று இருந்தது. டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஏத்திட்டீங்களா?" இல்லை என்றதும் மறுமுனையில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. திரும்பவும் மூன்று பைகள், திரும்பவும் முதல் படி. பவித்ரா முதல் தடவையாக அழுதாள். "ரெண்டு பேப்பருக்கா இவ்ளோ?" என்றாள். எனக்குக் கோபமும் வந்தது, அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

ஒன்பதாவது படி வந்தபோது ஊசியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் கட்டிலின் அந்தப் பக்கம். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். கால் மணி. ஒன்றுமே ஆகவில்லை. ஒரு தடிப்பு, ஒரு அரிப்பு, ஒன்றும் இல்லை. சாயங்காலம் முழு டோஸும் தூங்குகிற குழந்தைக்குப் பால் புகட்டின மாதிரி இறங்கியது. போன தடவை வந்த தடிப்பு இந்தத் தடவை வராமல் போனது எப்படி என்று டாக்டரிடம் கேட்டேன். கேஸ் ஷீட்டில் பேனாவை வைத்தபடி சொன்னார்:

"தெரியல சிஸ்டர். தெரியலங்கிறத கேஸ் ஷீட்ல எப்படி எழுதறதுன்னும் தெரியல."

பஸ்ஸில்

பதினாலு நாள் கோர்ஸ் பதினாறு நாளில் முடிந்தது. வந்தபோது கழிவறைக்குப் போய்வர ஆள் வேண்டியிருந்த பெண், போகும்போது தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். நோய் போய்விடவில்லை. கிருமி மறுபடி வரும், மறுபடி இதே மருந்து தேவைப்படலாம், அப்போதும் முதலிலிருந்துதான். இதையெல்லாம் சொல்லித்தான் அனுப்பினோம்.

நாலைந்து மாசம் கழித்து, வில்லியனூரில் ஒரு கல்யாணத்துக்காக டவுன் பஸ்ஸில் போனேன். நல்ல கூட்டம். முன்பக்கம் யாரோ இருமினார்கள். அடிவயிற்றிலிருந்து வரும் அந்த இருமலை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். பவித்ராதான், காலேஜ் பையோடு. ஜன்னல் கம்பியில் சாய்ந்து கைக்குட்டையில் இருமி முடித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து, "ஒடம்பு செரியில்லன்னா வீட்ல இருக்கணும், பஸ்ல வந்து ஊருக்கெல்லாம் ஒட்டவைக்கக் கூடாது" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். நான் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே முன்னால் போகப் பார்த்தேன். நர்ஸ் என்று சொல்லி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று. அதற்குள் பவித்ராவே அந்த அம்மாளுக்கு இடம் விட்டு ஒதுங்கி, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"ஒட்டாதுக்கா, உக்காருங்க. ஒட்டுற வியாதியா இருந்தா எனக்கு எப்பவோ ஒரு கூட்டாளி கெடைச்சிருக்கும்."

ஆக, எங்கள் வேலையில் புரிந்து செய்வது பாதி. செய்து முடித்துவிட்டு, இது எப்படிச் சரியாக வந்தது என்று முழிப்பது மீதிப் பாதி.